தாமாரின் முக்காட்டிலிருந்து தொடங்காதீர்கள்

பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில், யூதாவும் அவர் மருமகள் தாமாரும் வரும் 38-ஆம் அதிகாரத்தை வேதபாடமாக எடுப்பவர்கள் பலருக்கும் 14-ஆம் வசனத்தில்தான் குரல் ஏறும். மருமகள் விதவைக்கோலத்தைக் களைந்து, முக்காடிட்டு, திம்னாத்துக்குப் போகும் வழியில் உட்காருகிறாள். அங்கே ஆரம்பித்தால் 'பெண்ணின் தந்திரம்' என்ற தலைப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 6-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

யூதாவின் மூத்த மகன், தாமாரின் கணவன் ஏர் பிள்ளையில்லாமல் சாகிறான். அண்ணன் பெயருக்கு வாரிசு கொடுப்பது தம்பி ஓனானின் கடமை. பிறக்கும் பிள்ளை தன் கணக்கில் சேராது என்று தெரிந்து அவன் ஏமாற்றுகிறான், அவனும் சாகிறான். கடைசி மகன் சேலா பெரியவனாகும்வரை தகப்பன் வீட்டில் விதவையாக இரு என்கிறார் யூதா. இவனும் செத்துப்போவானோ என்ற பயம். சேலா வளர்ந்த பிறகும் பேச்சில்லை. ஆக, முதல் இரண்டு ஏமாற்று வேலைகளும் ஆண்கள் செய்தவை. தாமார் அந்த வீட்டுக்குக் கட்டுப்பட்டவள்; வெளியே மணமுடிக்கவும் முடியாது.

வழியில் முக்காடிட்டவளை வேசி என்று நினைத்து அழைக்கும் யூதா கூலியாக ஒரு வெள்ளாட்டுக்குட்டி தருவதாகச் சொல்ல, அவள் அடகு கேட்கிறாள்: முத்திரை, அதைக் கோத்த கயிறு, கைக்கோல். ஆதார் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போவதுபோல. குட்டி வந்து சேரும்போது அவள் அங்கே இல்லை. கூலி அவளுக்குப் பொருட்டல்ல, சாட்சிதான் வேண்டியிருந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, கர்ப்பிணி என்று தெரிந்ததும், விசாரணையே இல்லாமல் 'எரித்துவிடுங்கள்' என்கிறார் மாமனார். அவள் ஊரைக் கூட்டிக் கத்தவில்லை. பொருட்களை அனுப்பி, யாருடையவை பாரும் என்கிறாள். "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்பது யூதாவின் வாயிலிருந்தே வருகிறது. பிற்பாடு ரூத் 4:12-இல் பெத்லகேம் ஊரார் தாமாரின் பெயரைச் சொல்லித்தான், ரூத்தை மணக்கும் போவாசின் வீட்டை வாழ்த்துகிறார்கள்.

இதை வைத்து 'நல்ல காரணம் இருந்தால் பொய் சொல்லலாம்' என்று பாடம் கட்டுவதும் தவறுதான். மூத்தவனுக்குரிய ஆசீர்வாதத்தை இளைய மகன் யாக்கோபுக்கு வாங்கித்தரக் கணவனை ஏமாற்றிய ரெபெக்காள் கதையில் ஏமாற்றுக்கு விலை உண்டு: மகன் ஊரை விட்டு ஓடுகிறான், தாயும் மகனும் மறுபடி சந்தித்ததாக ஒரு வரி இல்லை. எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லாமல் விட்டுவிட்டு, எகிப்தின் ராஜாவான பார்வோனிடம் சாக்குச் சொன்ன மருத்துவச்சிகள் சிப்பிராள், பூவாளுக்கோ தேவன் நன்மை செய்தார் என்றே எழுதியிருக்கிறது. ஒரே அளவுகோல் எல்லாவற்றுக்கும் ஒத்துவராது.

வாசிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது, பலசாலி சிம்சோனை எதிரிகளான பெலிஸ்தருக்குக் காட்டிக்கொடுத்த தெலீலாளிடம். பெலிஸ்தரின் அதிபதிகள் ஒவ்வொருவரும் 1,100 வெள்ளிக்காசு பேசுகிறார்கள், ஆட்களை உள்ளறையில் ஒளித்தும் வைக்கிறாள், துரோகம் துரோகமே. ஆனால் சிம்சோனிடம் அவள் கேட்கும் கேள்வி வெளிப்படையானது: உம்மை எதினாலே கட்டலாம்? பச்சை நார்க் கயிறு, புதுக் கயிறு, தறியில் பின்னும் சடை என்று மூன்று முறை பொய் சொல்வது சிம்சோன். வகுப்பில் நியாயாதிபதிகள் 16:6 முதல் 17 வரை கொடுத்து, பொய் வரும் இடங்களில் மட்டும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். பேச்சை அதற்குப் பிறகு தொடங்கலாம்.