ஆர்சனிக் கிருமி இல்லை, கொதிக்க வைத்தால் சாவதற்கு

போன வாரம் பரிசோதனைக்கு இன்னொரு பாட்டில் வந்தது. பழைய தங்கச் சுரங்கக் கழிவுமேட்டை ஒட்டிய கிணற்றின் தண்ணீர். கூடவே ஒரு சீட்டு: "சயனைடு மட்டும் பாருங்கள், மற்றபடி கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்." தாதுவிலிருந்து தங்கம் பிரிக்கப் பயன்படும் விஷமான சயனைடு இல்லை. ஆர்சனிக் லிட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10.

எத்தனை முறைதான் சொல்வது? ஆர்சனிக் ஒரு தனிமம். சயனைடாவது வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதையும், இது சிதையாது. கொதிக்கும்போது ஆவியாகிப் போவது தண்ணீர்தான். அந்தக் கிணற்றின் ஒரு லிட்டரை முக்கால் லிட்டராக வற்ற விட்டால், 60 என்பது 80 ஆகும். விறகு செலவழித்து விஷத்தைச் செறிவாக்குகிறோம். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்பார்கள். கரைந்த ஆர்சனிக்குக் கலங்கலும் இல்லை, வாசனையும் இல்லை, சுவையும் இல்லை.

தங்கம் பல இடங்களில் ஆர்சனோபைரைட் கனிமத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அதன் எடையில் சுமார் 46 சதவீதம் ஆர்சனிக். தாதுவை வறுத்தால் ஆர்சனிக் டிரையாக்சைடு என்ற விஷச் சேர்மம் தூளாகப் படியும். கனடாவின் ஜயன்ட் சுரங்கத்தில் மட்டும் 2,37,000 டன் தூள் நிலத்தடியில் கிடக்கிறது.

கழிவுமேட்டில் உருவாகும் இரும்புத் துரு ஆர்சனிக்கைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத சேற்றில் அந்தத் துரு கரைந்தால் பிடியும் போச்சு. 'பி.எச். 7, அமிலம் இல்லை' என்று நிம்மதி அடையும் பொறியாளர்களும் கவனிக்க: நடுநிலைத் தண்ணீரில் செம்பு பெரும்பாலும் படிந்துவிடும், ஆர்சனிக் அப்படி அடங்காது.

சரி, செய்ய வேண்டியது: சோதனைச் சீட்டில் 'ஆர்சனிக்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கழிவுமேட்டு மணலை வீடு கட்டவோ தோட்டத்துக்கோ அள்ளாதீர்கள். குழந்தைகளை அங்கே விளையாட விடாதீர்கள், தயவுசெய்து. ஆர்.ஓ. வடிகட்டி வைத்திருந்தாலும் வெளியே வரும் தண்ணீரைச் சோதியுங்கள். ஆர்சனிக்கின் ஒரு வடிவமான மூன்று இணைதிற ஆர்சனிக் அதில் ஓரளவு நழுவிவிடும். சிறுநீரில் ஆர்சனிக் பார்ப்பதாக இருந்தால் முந்தைய சில நாட்கள் மீன், இறால் வேண்டாம். அவற்றிலுள்ள ஆர்சனிக்கால் எண் வீணாக ஏறி, எல்லோரும் பயந்துபோவோம்.

அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். குளிக்கலாமா என்று கேட்டார்கள். இந்த அளவில் குளிக்கலாம், துவைக்கலாம். தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. குடிக்கவும் சோறு வடிக்கவும் வேறு தண்ணீர், இன்றைக்கே என்றேன். அப்போதுதான் தயங்கியபடி சொன்னார்கள், அடுத்த இரண்டு வீடுகளும் அதே கிணற்றில்தான் இறைக்கிறார்களாம்.