ஆலை வைஃபையில் திறந்து கிடக்கும் போர்ட்

சம்பா அறுவடை மும்முரமானால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து அரிசி ஆலைகளில் எடை மேடைக்கு ஓய்வே இருக்காது. லாரி ஏறி நின்றதும் எடை தானாக பில் புரோகிராமுக்குப் போய்விட வேண்டும் என்று ஆலைக்காரர்கள் கேட்கிறார்கள். செய்வது எளிதுதான். எடையைக் காட்டும் இண்டிகேட்டர் கருவியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையைப் படிக்க ஒரு புரோகிராம், பில் போட இன்னொன்று, இரண்டையும் நேரடியாக இணைக்க, புரோகிராம்களுக்கிடையே செய்தி கடத்தும் ஜீரோஎம்க்யூ (ZeroMQ) லைப்ரரி. நடுவில் தனி சர்வர் வேண்டாம், சில வரி பைத்தான் போதும். நடுவில் ஆள் இல்லை என்றால் “நீ யார்” என்று கேட்கவும் ஆள் இல்லை. அதைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

நான் பார்த்த ஓர் ஆலையில் ஒரு லாரி விட்டு ஒரு லாரியின் எடை பில்லுக்கு வரவில்லை. மேடை சரி, கேபிள் சரி. கடைசியில் மேடை ஆபரேட்டர் மேல் சந்தேகம் விழுந்து, பேச்சு தடித்துவிட்டது. எடை அனுப்பும் புரோகிராம், செய்தி அனுப்பும் புஷ் சாக்கெட்டை (இணைப்பு முனையை) பைண்ட் செய்திருந்தது, அதாவது ஒரு முகவரியில் திறந்துவைத்து மற்றவர்கள் வந்து இணையக் காத்திருந்தது. அந்த வகை சாக்கெட், தன்னோடு இணைந்திருப்பவர்களுக்கெல்லாம் செய்திகளை முறைவைத்துப் பங்கிடும். கணக்கர் அறையில் ஒரு லேப்டாப்பில் பில் புரோகிராமின் பழைய பிரதியை யாரோ சோதனைக்கு ஓட்டி, நிறுத்தாமல் விட்டிருந்தார்கள். பாதி எடை அங்கே போய்க்கொண்டிருந்தது. பிழைச் செய்தி ஒன்றும் வராது. லைப்ரரியைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

தெரியாமல் நடந்ததே இப்படி. பில் பக்கம், செய்தி வாங்கும் புல் சாக்கெட்டை பைண்ட் செய்திருந்தால் இன்னும் வம்பு. வேறு யாராவது அனுப்பும் பொய் எடையும் மேடையிலிருந்து வரும் எடையும் கலந்தே வரும். அனுப்பியது யார் என்று அந்த சாக்கெட் சொல்லாது.

இதற்கெல்லாம் வழிவிடுவது பைண்ட் முகவரியில் போடும் நட்சத்திரக் குறி. மாதிரி நிரல்களில் அப்படி இருக்கும், நாமும் எடுத்து ஒட்டிவிடுவோம். கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரியிலும் போர்ட்டை (புரோகிராமுக்குள் வரும் எண்ணிட்ட வாசலை) திற என்று அதற்குப் பொருள். ஆலை வைஃபையின் பாஸ்வேர்டோ லோடு ஏற்ற வரும் டிரைவர் வரைக்கும் தெரியும். விண்டோஸில், திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். உங்கள் போர்ட் எண்ணுக்கு முன்னால் 0.0.0.0 இருந்தால் திறந்துதான் கிடக்கிறது. ஃபயர்வால் தடுக்காதா? தடுக்கும், முதல் நாள் அது அனுமதி கேட்டபோது படிக்காமல் சரி என்று அழுத்தாமல் இருந்திருந்தால். இரண்டு புரோகிராமும் ஒரே கணினியில் ஓடினால் நட்சத்திரக் குறியை 127.0.0.1 (அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும் முகவரி) என்று மாற்றினாலே வெளியிலிருந்து யாரும் வர முடியாது.

பைத்தானில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பைத்தான் ஆப்ஜெக்ட்டை அப்படியே அனுப்பி வாங்க அதன் ஜீரோஎம்க்யூ லைப்ரரியில் ஒரு வசதி உண்டு. உள்ளே வேலை செய்வது பிக்கிள், ஆப்ஜெக்ட்டைப் பைட்டுகளாக்கித் திரும்பப் பிரிக்கும் பைத்தான் முறை. யாரோ அனுப்பிய பிக்கிளைப் பிரித்தால், அதற்குள் ஒளித்துவைத்த கட்டளை உங்கள் கணினியில் ஓடும். எடை பொய்யாவதோடு நிற்காது, கணினியே கைமாறிவிடும். பெரிய நிறுவனங்களும் இதற்குத் தப்பவில்லை: ஏஐ செயலிகள் கட்ட உதவும் மெட்டாவின் லாமா ஸ்டாக்கில் இதே ஓட்டை 2024-இல் வெளிவந்தது, சிவிஇ-2024-50050 என்ற பாதுகாப்புக் குறை எண்ணில். அவர்கள் பிக்கிளை விட்டு, வெறும் எழுத்தாகத் தரவு அனுப்பும் ஜேசானுக்கு மாறினார்கள். நமக்கு அனுப்ப வேண்டியது வண்டி எண், எடை, நேரம், அவ்வளவுதான். ஜேசான் தாராளமாகப் போதும்.

அப்புறம், மறுமுனையோடு இணைக்கும் கனெக்ட் கட்டளை வெற்றி என்று திரும்பியதை நம்பி உட்காராதீர்கள். எதிரில் யாருமே இல்லாவிட்டாலும் அது அப்படித்தான் திரும்பும்.

மேடை அறையும் அலுவலகமும் தனித்தனிக் கணினி என்றால் 127.0.0.1 உதவாது. அங்கே ஜீரோஎம்க்யூ 4.0-இலிருந்து உள்ள, சாவிகளை வைத்து இயங்கும் கர்வ் பாதுகாப்பைப் போடுங்கள். செய்தி மறையாக்கமாகிப் போகும். ஆனால் சர்வர் பக்கம் (இங்கே எடையை வாங்கும் பில் புரோகிராம்) சாவியை வைத்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சர்வரின் பொதுச் சாவி (இணைய வருபவர்களிடம் கொடுத்துவைக்கும் சாவி) கையில் இருக்கும் எவரும் அப்போதும் உள்ளே வரலாம். எந்தெந்த கிளையண்ட் சாவிக்கு அனுமதி என்று ஒப்பிட்டுப் பார்க்கும் அத்தென்டிகேட்டரையும் ஓடவிட்டு, மேடைக் கணினியின் சாவியை மட்டும் அதில் சேருங்கள். சரியாக அமைந்ததா என்று பார்க்க, வேறொரு லேப்டாப்பிலிருந்து புதுச் சாவியோடு ஒரு பொய் எடை அனுப்புங்கள். அது பில்லில் வரக் கூடாது.