நாட் ஃபார் பால்: பழைய ரெட்டைக்குழலை ரைபிளாக்கக் கேட்டு வருகிறவர்களுக்கு

போன மாதம் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு குன்னூரில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். தாத்தா காலத்து 12 போர், சின்னச் சின்ன ஈயக் குண்டுகளைச் சிதறடிக்கிற வகை. லைசென்ஸ் அவர் பேரிலேயே இருக்கிறது, சரி. "இதுக்குள்ள ரைபிள் குழல் போட்டு டபுள் ரைபிளாக்க முடியுங்களாண்ணா? கேரட் தோட்டத்துல பன்னியும் காட்டெருமையும் மாறி மாறி நிக்குது."

ஏதோ வீடியோவில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் செய்து காட்டினாராம். அந்த வீடியோவில் குழல் பளபளவென்று தெரியும். வெடிக்கும்போது தோட்டாவின் பின்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிற உடலையும் பூட்டையும் யாரும் காட்டுவதில்லை. 12 போர் தோட்டா வெடித்தால் உள்ளே எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு அதிகபட்சம் 11,500 பவுண்டு அளவு. சாதாரணமாகக் கிடைக்கும் .30-06 ரைபிள் தோட்டாவுக்கு அதுவே 60,000. ஐந்து மடங்கு! பூட்டு விட்டுக்கொடுத்தால் அது பின்னால்தான் வரும், அங்கே இருப்பது உங்கள் கன்னம்.

முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை லேசாகக் குலுக்கினேன், டொக் டொக் என்றது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் குழலுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம். கீல் தேய்ந்துவிட்டது.

அப்புறம் குழலின் அடியில் எண்ணெய் அழுக்கைத் துடைத்ததும் 'நாட் ஃபார் பால்' என்ற முத்திரை தெரிந்தது. தம்பி சிரித்துவிட்டார், இங்கே 'பால்' என்றால் ஈய உருண்டை. வாய் குறுகிய குழல்களில் உருண்டை போட்டுச் சுடாதே என்று இங்கிலாந்துச் சோதனைச் சாலைகள் 1875 முதல் 1887 வரை அடித்த முத்திரை அது. கருமருந்து, அதாவது பழைய கரி வெடிமருந்து, புழங்கிய காலத்துச் சாமான். ஒற்றை உருண்டையே வேண்டாம் என்று உடம்பில் எழுதி வைத்திருக்கிற துப்பாக்கியிடம் போய் ரைபிள் தோட்டா கேட்கிறோம்.

டபுள் ரைபிள் என்பது இரண்டு குழலை ஒட்டுகிற வேலையும் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் சுட, ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கென்று சுட்டுப் பார்த்து, குழல்களைச் சேர்த்திருக்கும் பற்றவைப்பை இளக்கி, நகர்த்தி, மறுபடி சுட்டு என்று நாள்கணக்கில் இழுக்கும். தோட்டா மாறினால் குறியும் மாறும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'லைசென்ஸ்தான் இருக்கே' என்பது எல்லோரும் சொல்வது. ஆயுதச் சட்டம் 6ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதற்கே தனி உரிமம் வேண்டும். மீறினால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். செய்து கொடுக்கிற நானும் கூடவே உள்ளே. காட்டெருமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அது வேறு வழக்கு.

கடைசியாக, எதைப் போட்டுச் சுடுகிறீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்தார்: இந்தக் காலத்துப் புகையில்லா மருந்துள்ள 70 மி.மீ. தோட்டாக்கள். குழலில் தோட்டா உட்காரும் அறையை அளந்து பார்த்தால் 65 மி.மீ.தான். வாய் மடிந்திருப்பதால் தோட்டா உள்ளே அழகாகப் போய் உட்காரும், வெடித்து அந்த மடிப்பு விரியும்போதுதான் இடம் போதாமல் அழுத்தம் ஏறும். இரண்டு வருஷமாக அதைத்தான் போடுகிறாராம், பன்றியை விரட்ட, ராத்திரியில், ஒரு கையில் டார்ச்சோடு.