சொல் விளக்கம்: ‘ஆரா’வும் ஒளிவட்டமும்

“ஒளிவட்டத்துடன் கூடிய ஒற்றை தலைவலி.” ஆங்கிலத்தில் ‘மைக்ரேன் வித் ஆரா’ என்பதற்கு இதுதான் தமிழாம். இந்தத் தொடரை நான் பார்ப்பது இது நான்காவது முறை. முதல் மூன்று முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இந்த முறை அப்படி விட முடியவில்லை. சென்னையில் ஒரு மருத்துவமனையில், கர்ப்பிணிகள் பரிசோதனைக்குக் காத்திருக்கும் பெஞ்சில், என் தங்கை மகளின் கையில் அது இருந்தது. அவளுக்கு 26ஆவது வாரம். மடிப்புத் தாளை வாசித்துவிட்டுத் தலையைத் திருப்பிக் கேட்டாள்: “பெரியம்மா, என் தலைக்குப் பின்னால் ஏதாவது சுற்றுகிறதா, பாருங்கள்.”

முந்தைய நாள் மாலை அவள் 29சி பஸ்ஸுக்காக நின்றிருக்கிறாள். வண்டி வந்தது. பலகையில் ‘பெசன்ட்’ தெரிந்தது, ‘நகர்’ தெரியவில்லை. எழுத்து மங்கலாக இருந்தது என்றோ கருப்பாக மறைந்திருந்தது என்றோ அவள் சொல்லவில்லை. அந்த இடமே இல்லாமற்போய்விட்டது என்றாள். இல்லாமற்போன இடத்தின் ஓரத்தில், தையற்காரர் துணியின் விளிம்பைப் பல்பல்லாக வெட்டுவதுபோல ஒரு கோடு. டியூப் லைட் அணையப்போகும்போது துடிக்குமே, அப்படித் துடித்திருக்கிறது. கண்ணை மூடியிருக்கிறாள். மூடிய கண்ணுக்குள்ளும் அது துடித்துக்கொண்டுதான் இருந்தது. இருபது நிமிடத்தில் கோடு மெல்ல அகன்று பார்வையின் ஓரமாக வெளியேறியது. பிறகு இடது பொட்டில் வலி.

இதில் வட்டம் எங்கே இருக்கிறது? போகட்டும், அவள் முதலில் சொன்ன விஷயத்தில் ஒளியாவது இருக்கிறதா?

சொல்லின் பிறப்பை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ரேன் என்பதன் மூலம் கிரேக்கம்: ‘ஹெமி’ பாதி, ‘க்ரானியான்’ மண்டை ஓடு. இரண்டும் சேர்ந்த ‘ஹெமிக்ரானியா’ லத்தீனுக்குப் போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வருவதற்குள் முன்னெழுத்து உதிர்ந்து ‘மைக்ரேன்’ ஆயிற்று. பாதி மண்டையைக் குறித்த சொல் வழியில் தன் தலையையே தொலைத்துவிட்டது. தமிழில் ஒற்றைத் தலைவலி. வடமொழி வைத்தியத்தில் ‘அர்த்தாவபேதகம்’ என்பார்கள், அதுவும் பாதிக் கணக்குதான். வலி இரண்டு பக்கமும் வருவது உண்டு. அதனால் ‘எனக்கு ஒற்றை இல்லையே, இரட்டையாக வலிக்கிறதே’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் ஒற்றைத் தலைவலி ஊரறிந்த சொல், பாட்டியும் சொல்வாள், மருந்துக்கடைக்காரரும் சொல்வார். அதில் கை வைக்க வேண்டியதில்லை.

வம்பு ‘ஆரா’வில் இருக்கிறது. பெரும்பாலும் தலைவலியை ஒட்டிப் பார்வையோ தொடுவுணர்வோ பேச்சோ சற்று நேரம் தடுமாறுவதற்கு மருத்துவத்தில் வைத்த பெயர் அது. ஆரா என்றால் கிரேக்கத்தில் மெல்லிய காற்று. வலிப்பு நோய் கண்ட ஓர் இளைஞன், வலிப்பு வருமுன் காலிலிருந்து குளிர்ந்த காற்றுப்போல ஏதோ ஏறி வருவதாகச் சொன்னதை, கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் காலென் எழுதிவைத்திருக்கிறார். மருத்துவத்தில் அந்தச் சொல் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நோயாளி வாயிலிருந்து வந்த சொல் என்பதைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்படியானால் காற்று எப்போது ஒளியாயிற்று? அதற்குப் பஸ் ஏறி வெளியூர் போக வேண்டாம். மனிதரைச் சுற்றி ‘ஆரா’ என்று வண்ண வண்ணமாக ஓர் ஒளி உண்டு என்னும் கருத்தை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உலகெங்கும் கொண்டுசென்றவர்களில் பிரம்மஞான சபையார் முக்கியமானவர்கள். சபையின் தலைமையகம் 1882 முதல் நம் அடையாற்றில் இருக்கிறது. அதன் தலைவராக இருந்த அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரைத்தான் அந்த 29சி பலகை தாங்கி வருகிறது. என் தங்கை மகள் பாதியாகப் படித்தது அந்தப் பெயர்ப்பலகையைத்தான் என்பதை நினைத்தால் எனக்கே கொஞ்சம் சிரிப்பு வருகிறது. ஆன்மிகப் புத்தகத்தில் ஆராவுக்கு ஒளிவட்டம் என்று போடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே அது பொருந்தும். ஒரே ஒலியுள்ள சொல் என்பதற்காக அடையாற்று ஆராவை மருத்துவமனைப் பிரசுரத்துக்குள் இழுத்துவந்ததுதான் பிழை. அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவிடுகிறவர்கள் செய்கிற வேலை. இப்போது அகராதியையும் யாரும் திறப்பதில்லை, இயந்திரத்தில் போட்டு வருவதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இது வெறும் இலக்கண வீம்பு என்று நினைக்க வேண்டாம். அந்த மடிப்புத் தாளில் அடுத்த வரி: “ஒளிவட்டம் உள்ளவர்கள் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.” பலகையில் பாதி எழுத்து காணாமற்போன பெண் இதை வாசித்தால் என்ன செய்வாள்? நமக்கு வட்டம் எதுவும் தெரியவில்லையே என்று தாளை மடித்துப் பையில் வைத்துவிடுவாள். விரல் நுனியில் தொடங்கி மரமரப்பு மெல்ல உதடுவரை ஏறுகிறவளும், வாயில் வார்த்தை வராமல் தடுமாறுகிறவளும் அப்படியே. இவையும் ஆராதான். ஆனால் கண்ணுக்கே சம்பந்தமில்லாதவை.

இன்னொரு பக்கம் பாருங்கள். உண்மையிலேயே ஒளிவட்டம் தெரிகிற நோய்கள் இருக்கின்றன. கண்ணுக்குள் அழுத்தம் திடீரென ஏறும் ஒருவகை கிளாக்கோமாவில் விளக்கைச் சுற்றி வானவில்போல வட்டம் தெரியும். கண்புரையிலும் தெரு விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது உண்டு. அதற்கு ஒளிவட்டம் என்ற சொல் வேண்டும். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே எதைக் கொண்டு போவது?

கொஞ்சம் படித்தவர்கள் ‘முன்னறிகுறி’ என்று எழுதுகிறார்கள். ஒளிவட்டத்தை ஒப்பிட்டால் இது கண்ணியமான சொல். ஆனால் இதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒற்றைத் தலைவலிக்கு முதல் நாளே கொட்டாவி, எரிச்சல், எதையாவது தின்ன வேண்டுமென்ற வேட்கை, கழுத்துப் பிடிப்பு என்று சில வரும். முன்னறிகுறி என்ற பெயர் அவற்றுக்கு உரியது. சித்த மருத்துவப் பாடநூல்களில் ‘முற்குறிகுணம்’ என்று அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆரா என்பது அடுத்த கட்டம். பெரும்பாலும் 5 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் வந்து போய்விடும். மேலும், அது வலியோடு சேர்ந்தும் வரலாம், சிலருக்கு வலியே இல்லாமலும் வந்து போகலாம். பின்னால் ஒன்றுமே வராதபோது ‘முன்’ எதற்கு முன்?

‘ஆரா’ என்றே தமிழில் எழுதிவிடலாம் என்பது மூன்றாவது கட்சி. ஆரா என்றால் தமிழில் தெவிட்டாத, நிறையாத என்று பொருள். குடந்தைப் பெருமாள் ஆராவமுதன். ‘ஆராத் தலைவலி’ என்றால் எத்தனை முறை வந்தாலும் அலுக்காத தலைவலி என்றல்லவா ஆகும்!

காற்று என்ற மூலப் பொருளையே பிடித்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி இது. ‘வாடை’ நாவில் வந்து நின்றது. ஆனால் கர்ப்பிணிக்கு ‘வாடை அடித்திருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால், வீட்டுப் பெரியவர்கள் டாக்டரை விட்டுவிட்டு வேப்பிலை தேடிக் கிளம்பிவிடுவார்கள். வேண்டாம்.

நம் மொழியில் கண் கோளாறுகளுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தால் வழி தெரிகிறது. மாலைக்கண், மாறுகண், வெள்ளெழுத்து. நாற்பது தாண்டியவருக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து வெளுத்துத் தெரிகிறது, அதனால் வெள்ளெழுத்து. யார் சூட்டிய பெயரோ, பார்க்கிறவர் கண்ணுக்குள்ளிருந்து வந்த பெயர். காலெனின் இளைஞன் காற்று என்று சொன்னதும் இப்படித்தான். அன்று இரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் தாளில் இருந்ததைக் கேட்கவேயில்லை. “கண்ணில் பூச்சி பறக்கிறதா? பொறி தட்டுகிறதா? பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருக்கிறதா?” என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்கு இவள் சட்டென்று ஆமாம் என்றாள். அந்த அம்மையார் எந்தக் கலைச்சொல் குழுவிலும் இருக்கமாட்டார். இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

என் முடிவு இது. மருத்துவ நூலுக்கு ஒரு கலைச்சொல் வேண்டுமென்றால் ‘புலன் தடுமாற்றம்’. கண், தோல் இரண்டையும் அது அடக்கும். பேச்சுக் குழறலைக் கொஞ்சம் இழுத்துத்தான் அடக்கும், ஒப்புக்கொள்கிறேன். கண்ணில் மட்டும் வருவதற்குப் ‘பார்வைத் தடுமாற்றம்’. ‘காட்சித் தொந்தரவு’ என்று அந்தத் தாளில் ஓரிடத்தில் இருக்கிறது. கேபிள் டிவி சரியாகத் தெரியாததைச் சொல்கிறார்களா என்று நினைத்தேன். பொதுமக்கள் கையில் கொடுக்கும் தாளுக்கோ கலைச்சொல்லே வேண்டாம். ஒரு வாக்கியம் போதும்: ‘தலைவலியை ஒட்டியோ தலைவலி இல்லாமலோ கண்ணில் நெளிநெளியாக ஒளி தெரிந்தாலும், பார்வையில் ஒரு துண்டு காணாமற்போனாலும், கை மரத்தாலும், பேச்சு குழறினாலும் உடனே சொல்லுங்கள்.’

‘உடனே’ என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கர்ப்ப காலத்தில் கண்ணில் மின்னல் தெரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதன் பெயரையும் நம்மவர்கள் கெடுத்துவைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘ப்ரீ-எக்லாம்ப்சியா’, தமிழில் ‘முன்சூல்வலிப்பு’. பெயரைக் கேட்டால் கர்ப்பத்தின் முன்பகுதியில் வரும் வலிப்பு என்றுதான் தோன்றும். உண்மையில் பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகுதான் வரும், அந்தக் கட்டத்தில் வலிப்பு இருக்காது. இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறுவது, சிறுநீரில் புரதம் போவது, விடாத தலைவலி, கண்ணில் மின்னல், வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது ஆகியவை அதன் குறிகள். கவனிக்காமல் விட்டால்தான் வலிப்பில் போய் முடியும். பிரசவமான பிறகும் சில வாரங்கள் எச்சரிக்கை தேவை. வேடிக்கை என்னவென்றால், ‘எக்லாம்ப்சியா’ என்ற அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு மூலப்பொருள் ‘சட்டென ஒளிர்தல்’. ஒளி இருக்கிற சொல்லிலிருந்து ஒளியை எடுத்துவிட்டு, காற்று இருக்கிற சொல்லில் கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள்! சென்னைப் பெண்கள் ‘கர்ப்பத்தில் பிரஷர்’ என்கிறார்கள். அதை அப்படியே அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

அவளுக்கு அழுத்தம் 110/70, சிறுநீரில் புரதம் இல்லை. “நேற்றே வராமல் ஏன் இருந்தீர்கள்?” என்று டாக்டர் கோபித்துக்கொண்டார், அது நியாயமான கோபம். பிறகு பொறுமையாக விளக்கினார். கண்ணில் கோளாறு இல்லை. பார்வையைக் கவனிக்கும் மூளைப் புறணியில் ஓர் அலை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது, அது போகும் வழியெல்லாம் செல்கள் சற்று நேரம் அடங்கிவிடுகின்றன. கண்ணை மூடினாலும் கோடு தெரிந்தது அதனால்தான். 1944இல் பிரேசில் நாட்டு லியாவோ இந்த அலையை விலங்கு மூளையில் பதிவுசெய்தார்; அதற்கு மூன்று ஆண்டு முன்பு லாஷ்லி என்பவர் தன் கண்ணில் தெரிந்த கோடு விரிவதை வைத்தே நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டிருந்தார். இவ்விரண்டும் நான் வீட்டுக்கு வந்து படித்தவை. ஊர்ந்து ஏறும் அலைக்குக் காற்று என்ற பழைய பெயர் ஓரளவு பொருந்திவருவதைப் பார்த்தீர்களா?

பலருக்கு நான்காம் மாதத்துக்குப் பிறகு ஒற்றைத் தலைவலி குறையும், பார்வைத் தடுமாற்றம் உள்ளவர்களுக்கு அவ்வளவாகக் குறையாது, சிலருக்குக் கர்ப்பத்தில்தான் முதன்முதலாகவே வரும் என்றார். வலி வந்தால் தாம் எழுதிய அளவில் பாராசிட்டமால். இபுப்ரூஃபென் போன்றவற்றைக் கேட்காமல் தொடக்கூடாது, எர்கோட்டமின் என்ற ஒற்றைத் தலைவலி மருந்து கூடவே கூடாது. வேளைக்குச் சாப்பாடு, நிறையத் தண்ணீர், ஒரே நேரத்தில் தூக்கம். தாளில் இந்தப் பகுதிக்குத் தலைப்பு ‘சமாளிப்பு உத்திகள்’. சமாளிப்பது என்றால் நாம் கடன்காரரிடம் செய்வது. ‘வலி வந்தால் என்ன செய்யலாம்’ என்று போட ஆள் இல்லையா?

அவள் வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, நனைத்த துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு படுக்கிறாள். காலண்டரில் வந்த நாளையும் மணியையும் பென்சிலால் குறித்துவைக்கிறாள். குறிப்புக்கு அவள் வைத்த பெயர் ‘பாதி பஸ்’. இந்த மாதத்தில் இரண்டு பாதி பஸ்.

நான் அந்த மருத்துவமனைக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன். காரணங்களையெல்லாம் விளக்கி, மாற்று வாக்கியத்தையும் எழுதி, தாளின் நகலையும் இணைத்திருந்தேன். அடுத்த மாதப் பரிசோதனைக்குப் போனபோது புதிதாக அச்சிட்ட தாளைக் கொடுத்தார்கள். ஒரு திருத்தம் செய்திருந்தார்கள். ‘ஒற்றை தலைவலி’ இப்போது ‘ஒற்றைத் தலைவலி’. விட்டுப்போயிருந்த ஒற்று வந்துவிட்டது. ஒளிவட்டம் அப்படியே இருக்கிறது.