ஓட்டை தெரிகிறது, அப்புறம் ஏன் உடனே தைப்பதில்லை?

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையில் ஓட்டையோடு குழந்தை பிறந்து மூன்று நாள் ஆகிவிட்டது, குடல் நெஞ்சுக்குள் ஏறியிருப்பது எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரிகிறது, ஆனால் ஆபரேஷன் மட்டும் நடக்கவில்லை. காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வந்து ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளுக்குக் கோபம் வராமல் இருக்குமா? "ஓட்டைன்னு தெரியுதுல்ல, தைச்சு வுட வேண்டியதுதானே!"

1980-கள் வரை டாக்டர்களும் அப்படித்தான் செய்தார்கள், பிறந்ததும் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓட்டை அடைபட்டது, பல குழந்தைகள் பிழைக்கவில்லை. ஏனென்றால் உயிருக்கு ஆபத்து ஓட்டையில் இல்லை, நுரையீரலில் இருக்கிறது.

கரு எட்டு வாரத்தைத் தாண்டும் வாக்கில் உதரவிதானம் முழுதாக மூடிவிட வேண்டும். சுமார் 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அது மூடுவதில்லை, பெரும்பாலும் இடது பக்கம். குடல், மண்ணீரல், சில சமயம் இரைப்பை, கல்லீரலின் ஒரு பகுதி எல்லாம் மேலே ஏறி மாதக்கணக்கில் நுரையீரலின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நுரையீரல் சின்னதாகிறது, காற்றறைகள் குறைகின்றன, இது கண்ணுக்குத் தெரிகிற சேதம். தெரியாத சேதம் இன்னொன்று: நுரையீரல் ரத்தக்குழாய்களின் சுவர் தடித்துப்போய், சின்னத் தொந்தரவுக்கும் இறுகிக்கொள்கிறது. இறுகினால் ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல், கருவில் பயன்பட்ட பழைய குறுக்குவழியிலேயே உடம்புக்குத் திரும்பிவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் வலது கையில் ஒரு கிளிப், காலில் ஒரு கிளிப் மாட்டுகிறார்கள். கையில் ஆக்ஸிஜன் 92 காட்டி காலில் 78 காட்டினால் ரத்தம் தப்பித்து ஓடுகிறது என்று அர்த்தம்.

இந்தக் குழந்தைக்கு முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்று அமுக்கவே கூடாது. காற்று இரைப்பைக்கும் குடலுக்கும் போகும், அவை உப்பும், உப்புவது நெஞ்சுக்குள்! அதனால் நேராக மூச்சுக்குழாயில் ட்யூப், இரைப்பைக் காற்றை உறிஞ்ச இன்னொரு ட்யூப். வென்டிலேட்டரையும் மெதுவாகத்தான் வைப்பார்கள், கார்பன் டை ஆக்ஸைடு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று. தேவைப்பட்டால், நுரையீரல் ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்ஸைடு வாயு. ரத்த அழுத்தம் நிலைத்து, சிறுநீர் ஒழுங்காகப் போய், ஆக்ஸிஜன் தேவை குறைகிற வரைக்கும் காத்திருப்பு. காத்திருப்பு என்றால் சும்மா இருப்பது இல்லை, அதுதான் வைத்தியத்தின் கஷ்டமான பாதி.

ஆபரேஷன் அதற்குப் பக்கத்தில் நேரடியான வேலை. இடது விலா எலும்புக்குக் கீழே வெட்டி, குடலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குவார்கள். மண்ணீரல் லேசில் கிழியும், அதில்தான் கை பதறக்கூடாது. பின்பக்கம் சுருண்டு கிடக்கும் தசை விளிம்பைப் பிரித்தெடுத்து, கரையாத நூலால் முன்விளிம்போடு தைப்பார்கள். தசை போதவில்லை என்றால் கோர்-டெக்ஸ் என்ற செயற்கைப் பொருளால் ஒட்டு. குடல் இதுவரை குடியிருக்காத வயிறு என்பதால் அங்கே இடமும் நெருக்கடிதான்.

ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே இது பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்தால், உங்கள் வீடு ராயபுரமோ திருவொற்றியூரோ, பச்சிளங்குழந்தை அறுவை சிகிச்சை இருக்கிற இடத்திலேயே பிரசவம் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் குலுங்கிப் போவது அந்த ரத்தக்குழாய்களுக்கு ஆகாது. வீட்டுக்கு வந்த பிறகும் செக்கப்பை விடக்கூடாது, ஒட்டுப் போட்ட குழந்தைக்கு இன்னும் கட்டாயம்: குழந்தை வளரும், ஒட்டு வளராது, ஓரம் விட்டுக் குடல் மறுபடி மேலே ஏறலாம்.