தராசில் நிற்கும்வரை 49 கிலோ

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஜப்பானியக் குத்துச்சண்டை வீரர் நவோயா இனோவே 49 கிலோவில் தொடங்கி 55 கிலோ வரை நான்கு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றுவிட்டார். மேலே போகப் போக எதிராளி பெரிய ஆளாகத்தானே இருப்பான்? இவருடைய குத்து மட்டும் எப்படி இன்னும் பலமாகிக்கொண்டே போனது?"

நல்ல கேள்வி. அதற்குள் ஒரு சின்னத் தப்புக்கணக்கு இருக்கிறது. 49 கிலோ பிரிவில் மோதியபோது இனோவே 49 கிலோ இருந்தார் என்று நினைக்கிறோம். சண்டைக்கு முந்தைய நாள் தராசில் ஏறி நின்ற நேரத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

2014 ஏப்ரல் 6, டோக்கியோ. தொழில்முறையில் அவருக்கு அது ஆறாவது சண்டை. மெக்சிகோவின் அட்ரியன் எர்னாண்டஸை ஆறாவது ரவுண்டில் நிறுத்தி லைட் ஃப்ளைவெயிட் பட்டத்தை வாங்கினார். எல்லை 108 பவுண்டு, அதாவது 48.99 கிலோ. சண்டை நடுவே அவருக்குக் காலில் தசை பிடித்துக்கொண்டது. எடையைக் கசக்கிக் குறைத்ததன் விளைவு என்று அப்போதே பேசினார்கள். ஒரே ஒரு முறை பட்டத்தைத் தக்கவைத்துவிட்டு அந்தப் பிரிவையே விட்டுவிட்டார். அதே டிசம்பரில், நடுவில் இருந்த ஃப்ளைவெயிட்டைத் தாண்டி, 52.16 கிலோ சூப்பர் ஃப்ளைவெயிட்டில் நின்றார். அப்புறம் 2018இல் பாண்டம்வெயிட் (53.52 கிலோ), 2023இல் சூப்பர் பாண்டம்வெயிட் (55.34 கிலோ). கடைசி இரண்டிலும், உலகப் பட்டம் வழங்கும் நான்கு அமைப்புகளின் பட்டங்களையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டார்.

இந்தப் பிரிவுகளுக்கு இடையே சில இடங்களில் மூன்றே பவுண்டுதான் வித்தியாசம். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம். பட்டங்களின் கதை பாதிக்கு மேல் தண்ணீரின் கதை என்று நான் சொல்வது இதனால்தான்.

53 கிலோ ஆள் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 32 லிட்டர் நீர் இருக்கும். முதல் சில வாரங்கள் கொழுப்பைக் கரைப்பார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த பட்டினிக் கணக்கு. கடைசி வாரத்தில் அரிசி, ரொட்டியை நிறுத்தினால் தசையில் சேமித்திருக்கும் கிளைகோஜன் காலியாகும். ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் மூன்று கிராம் நீரைக் கட்டிவைத்திருப்பதால், 300 கிராம் போனால் தராசில் ஒரு கிலோவுக்கு மேல் குறையும். மிச்சத்தை வெந்நீர்த் தொட்டியும் தடித்த உடையும் வியர்வையாக எடுத்துக்கொள்ளும். ஜப்பானியக் குத்துச்சண்டைக்காரர்கள் இதை 'மிஸுநுகி' என்கிறார்கள். தண்ணீரை உருவி எடுப்பது என்று பொருள். (வியர்வை என்பது உருகிய கொழுப்பு என்று நம்பி, பிளாஸ்டிக் ஜாக்கெட்டில் வெந்துகொண்டே ஓடுகிறவர்கள் கவனிக்க. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் அந்தக் "கொழுப்பு" திரும்பி வந்துவிடும்.)

இதில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. மோதல் விளையாட்டுகளில் பலர் தண்ணீரைக் குறைக்க வேண்டிய வாரத்தின் தொடக்கத்தில் ஆறு, ஏழு லிட்டர் என்று குடித்துத் தள்ளுவார்கள். பிறகு ஒரேயடியாக நிறுத்துவார்கள். குடிப்பது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டே இருக்கும். உடம்பு ஏமாந்துபோகிறது. எப்படி?

சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போல வெளியே விட்டுவிட்டு மற்றதை ரத்தத்துக்கே திருப்பிவிடுகிறது. கடைசிக் கட்டத்தில் எவ்வளவு திருப்புவது என்பதைச் சேகரிப்புக் குழாய்களின் சுவர்ச் செல்கள் தீர்மானிக்கின்றன. அந்தச் செல்லின் மேற்சவ்வு கொழுப்பாலானது, நீரை எளிதில் விடாது. கதவு வேண்டும். கதவுகள் இருக்கின்றன, ஆனால் சுவரில் பொருத்தப்படாமல், செல்லுக்குள்ளேயே குட்டிக் குட்டிப் பைகளில் அடுக்கி வைத்திருக்கிறது. ரத்தம் ஒன்றிரண்டு சதவீதம் கெட்டியானாலே மூளையின் அடியிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் கிளம்பும். அது செல்லைத் தொட்டதும் பைகள் மேலேறிச் சவ்வோடு கலக்கும். சில நிமிடங்களில் சுவர் முழுக்கக் கதவு. நீர் உள்ளே இழுக்கப்படும், சிறுநீர் கெட்டியாகும். ஹார்மோன் போனால் செல் அந்தக் கதவுகளைப் பிடுங்கி மறுபடி உள்ளே போட்டுக்கொள்ளும்!

கதவின் பெயர் அக்வாபோரின். நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில், நொடிக்குச் சுமார் 300 கோடி வீதம் அதில் நுழைகின்றன. ஒரு ஹைட்ரஜன் அயனியைக்கூட நழுவ விடாது. நாள்கணக்கில் ஏராளமாகத் தண்ணீர் குடித்தால் ஹார்மோன் அடங்கிக் கிடக்கும். செல் புதுக் கதவுகள் செய்வதையே குறைத்துக்கொள்ளும். திடீரென்று தண்ணீர் நின்றதும் ஹார்மோன் ஓடி வருகிறது, ஆனால் கிடங்கில் சரக்கு இல்லை. அந்த இடைவெளியில் போகும் நீர்தான் தராசில் லாபம். (தயவுசெய்து வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அளவு மீறிய தண்ணீர் ரத்தத்தின் சோடியத்தைக் குறைத்து ஆளையே கொல்லும்.)

இந்த வகைக் கதவைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் அக்ரே அதைத் தேடவே இல்லை. ரத்த வகையில் 'பாசிட்டிவ், நெகட்டிவ்' என்கிறோமே, அந்த ஆர்ஹெச் புரதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த வேண்டாத புரதம் இது. 2003இல் வேதியியல் நோபல். "இந்த ஆராய்ச்சியால் மூன்று வருடத்தில் என்ன பயன்?" என்று விண்ணப்பத்தில் கட்டம் போட்டுக் கேட்கும் நிதி அதிகாரிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் புரதம்தான் ஞாபகம் வரும்.

சரி, தராசுக்கு வருவோம். எடை பார்த்து முடிந்ததும் குடிக்கலாம், சாப்பிடலாம். ஆனால் ஒரு நாளில் எல்லாம் திரும்பாது. ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரளவு சீக்கிரம் தேறும். காலியான கிளைகோஜன் நிரம்ப ஒரு முழு நாளாவது வேண்டும். அது அரைகுறையாக இருந்தால் முதல் இரண்டு ரவுண்டு நன்றாகப் போகும், அப்புறம் கால் கனக்கும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் குறைந்த ரத்தத்தைத் தள்ளுவதால் வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கும். தசைப்பிடிப்புக்குக் காரணம் உப்பும் நீரும் குறைவதா, நரம்பின் களைப்பா என்பதில் விஞ்ஞானிகள் இரண்டு கட்சி. இரண்டில் எதுவானாலும் காய்ந்துபோன ஆளுக்கு அது சாதகமில்லை.

முன்பெல்லாம் சண்டை நாளன்றே எடை பார்ப்பார்கள். தேறிக்கொள்ள அவகாசம் கொடுப்போம் என்று 1980களிலிருந்து அதை முந்தைய நாளுக்குத் தள்ளினார்கள். அவகாசம் கிடைத்ததும் எல்லோரும் இன்னும் கூடுதலாகக் குறைக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2015இல் யாங் ஜியான் பிங் என்ற சீன வீரர் எடை குறைக்கும்போதே இறந்துபோன பிறகு, கலப்புச் சண்டைப் (எம்எம்ஏ) போட்டிகளை நடத்தும் 'ஒன் சாம்பியன்ஷிப்' அமைப்பு சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கத் தொடங்கியது. நீர் வற்றியவன் தராசில் தேறினாலும் தேறவில்லை என்றுதான் பொருள். அதற்கு வேண்டியது ஒரு கைக்கருவி, ஒரு சொட்டுச் சிறுநீர். திராட்சைச் சாற்றின் இனிப்பை அளக்கும் கருவிக்கு உறவுக்காரன் அது. கோடிக்கணக்கில் பணம் புரளும் குத்துச்சண்டையில் இது எல்லா இடத்திலும் கட்டாயமாகாததற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

இனோவேயின் ஏற்றம் முழுக்கத் தண்ணீர்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. 20 வயதுப் பையன் 30 வயது ஆளாவதற்குள் தசையும் எலும்பும் நிஜமாகவே கூடியிருக்கும். எதிராளிகளும் நிஜமாகவே பெரியவர்களாகிவிட்டார்கள். 2024 மே மாதம் டோக்கியோ டோமில் லூயிஸ் நேரி முதல் ரவுண்டிலேயே அவரைக் கீழே விழவைத்தார். தொழில்முறையில் அவர் விழுந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடம் லாஸ் வேகாஸில் ரமோன் கார்டெனஸ் இன்னொரு முறை விழவைத்தார். இருவரையும் எழுந்து நாக் அவுட் செய்தார் என்பது வேறு விஷயம்.

ஆனால் முதல் தாவலில், அந்த 3.2 கிலோவில், தண்ணீரின் பங்கு பெரிது என்பது என் ஊகம். 2014 டிசம்பர் 30. எதிரே அர்ஜென்டினாவின் ஓமர் நர்வாயேஸ், அதுவரை தொழில்முறையில் கீழே விழுந்ததே இல்லாத மூத்த சாம்பியன். இனோவே இரண்டே ரவுண்டில் நான்கு முறை விழவைத்தார். கடைசியாக இடது கையால் உடம்பில் ஒரு ஹுக். நர்வாயேஸ் தரப்புக்குச் சந்தேகம். கையுறைக்குள் ஏதோ வைத்திருக்கிறான், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள் என்றார்கள். கழற்றினார்கள். உள்ளே அடிபட்டுப்போன ஒரு வலது கை இருந்தது.