17 அங்குல வீல், இறக்கிய கார்: குலுங்குவது ஷாக் போனதால் அல்ல

பெரிய அலாய் வீல், பட்டையான டயர், தரையை ஒட்டி இறக்கிய பாடி. இப்படி அலைன்மென்ட் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "வண்டி ரொம்பக் குலுங்குதுண்ணே, ஷாக் போயிடுச்சா பாருங்க."

பல வண்டிகளில் ஷாக், அதாவது ஸ்பிரிங் துள்ளுவதை அடக்கும் ஷாக் அப்சார்பர், நன்றாகவே இருக்கும். கணக்கைப் பாருங்கள். 185/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். இந்த டயரில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே சுமார் 120 மி.மீ. உயரம் உண்டு. அதைக் கழற்றிவிட்டு 205/45 ஆர்17 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், ஸ்பீடோமீட்டரும் பெரிதாகப் பிசகாது. ஆனால் அந்த 120 மி.மீ. 92 ஆகிவிடும். ரோட்டு வெடிப்பு, சின்னப் பள்ளம், பாலத்தின் இணைப்பு எல்லாம் ஸ்பிரிங்குக்குப் போகும் முன்பே டயரில்தான் அமுங்குகின்றன. அமுங்குவதற்கான இடமே கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. புது வீல் கனமும் கூடியதாக இருந்தால், துள்ளும் சக்கரத்தை ரோட்டில் பதிய வைக்க ஷாக் படாத பாடு படும்.

இதோடு காரையும் இறக்கினால் ஸ்பிரிங் சுருங்குவதற்கும் இடம் குறைகிறது. அதனால்தான் காரை இறக்கப் போடும் குட்டை ஸ்பிரிங்குகளை இன்னும் விறைப்பாகச் செய்கிறார்கள். அப்படியும் நாலு பேர் ஏறி ஒரு ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டினால் பம்ப் ஸ்டாப்பில், அதாவது சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது தடுக்கும் ரப்பரில், போய் இடிக்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் நீளத்தில் 10 செ.மீ. உயரம்தான் இருக்க வேண்டும். நம் தெருக்களில் குறுகலாக, செங்குத்தாகப் போட்டுவிடுகிறார்கள்.

காசு மிச்சம் என்று கம்பெனி ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துவிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருப்பிடத்திலிருந்து நழுவலாம்.

இறக்கிய காரில் கேம்பரும் (முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) மாறிவிடும். அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வெளியே நின்று பார்த்தால் புதுசு போலவே தெரியும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, டார்ச் அடித்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

அழகு வேண்டும் என்பதில் தப்பில்லை. என்னைக் கேட்டால் 195/55 ஆர்16 போதும், ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். சில கார்களில் டாப் வேரியண்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு அது.

17தான் வேண்டுமென்றால் டயரில் அளவுக்குப் பக்கத்திலுள்ள எண்ணைப் படியுங்கள். அது ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கிறது. 88 என்றால் 560 கிலோ, 84 என்றால் 500 கிலோ. பழைய டயரில் 88 இருந்தால் புதிதிலும் அதற்குக் குறையாமல் கேட்டு வாங்குங்கள். அப்புறம், குலுங்குகிறதே என்று காற்றைக் குறைக்காதீர்கள். பள்ளத்தில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டயர் நசுங்கி, உள்ளே நூல் அறுந்து, பக்கவாட்டில் புடைத்துக்கொள்ளும். அதற்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது. அன்றைக்கே ஸ்டெப்னியை மாட்டிவிட்டு வேறு டயர் வாங்குங்கள்.